சோத்தம்மா சொல்லாமல் வைத்திருந்தது

போன செவ்வாய்க்கிழமை மாலை, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு ஏழுமலை சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். நம் பள்ளியில் படித்தவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், சோத்தம்மா பூட்டாங்க" என்றான். மறுநாள் அடக்கம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

ஏரிக்கரைப் பள்ளியில் மதிய உணவு சமைத்த கன்னியம்மாளுக்கு, அங்கே படித்த நீங்கள் வைத்த பெயர் அது. குப்பத்துப் பெண். கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரே மகள் செல்வி, நான்காம் வகுப்பு. நான் அப்போது தலைமையாசிரியர். நெல் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் கன்னியம்மாள் கையால் சாப்பிடமாட்டார்கள். தூக்குச்சட்டியோடு வந்து தனியாக உட்காருவார்கள். அதை மாற்ற எனக்குத் துணிவில்லை.

பல நாடுகளைச் சுற்றிய காலரா, அறுபதுகளின் நடுவில் நம் கரைக்கும் வந்தது. ஒரே வாரத்தில் குப்பத்தில் நான்கு சாவு. பள்ளியை மூடிவிடலாம் என்றேன். கன்னியம்மாள் கரண்டியோடு வந்து நின்றார்.

"மூடிட்டா பசங்க இன்னா சார் துன்னும்? கெணத்துத் தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சிக்கினு கெடக்கும். நான் காய்ச்சித் தர்றேன். வர்றவங்க வரட்டும்."

அன்று முதல் காலை ஆறு மணிக்கே பள்ளி அடுப்பு எரிந்தது. உங்களில் பெரியவர்கள் சவுக்கு விறகு சுமந்தீர்கள். வீடு வீடாகப் போய், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் நிலக்காரர் வீட்டு அம்மா ஒருவர் குடத்தோடு வந்து வாசலிலேயே தயங்கினார். "உள்ள வாம்மா. சூடா கீது, பாத்துப் புடி" என்றார் கன்னியம்மாள். குடம் நிறைந்ததும் அடுத்தவர் பக்கம் திரும்பினார். அந்த மாதம் முடிவதற்குள் தூக்குச்சட்டிகள் நின்றுபோயின. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தீர்கள்.

இனி எழுதுவதை அவரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒரு நாள் காலை செல்வி என் மேசையருகே வந்து, "சார், வயிறு ஒரு மாரி கீது, அம்மாகிட்ட போவட்டா?" என்றாள். வெளியே குடங்களோடு நீண்ட வரிசை. அவள் அம்மா அடுப்பை விட்டு எழுந்துவிடக்கூடாதே என்று நினைத்தேன். "கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்றேன். மதியத்துக்குள் அவளால் நிற்க முடியவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு கன்னியம்மாள் மாட்டுவண்டியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழியிலேயே வண்டி திரும்பிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை அவரே வந்து அடுப்பைப் பற்றவைத்தார். "ஊட்ல குந்திக்கினு இன்னா சார் பண்றது?" என்றார். சோறு போடும்போது, நான்காம் வகுப்பு வரிசைக்கு வந்ததும் கரண்டி நின்றது. செல்வியின் இடத்தில் இருந்த பிள்ளைக்கு, முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டு நகர்ந்தார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, நான் ஓய்வுபெற்ற நாளில்தான் அவரிடம் அதைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தெரியும் சார். வண்டிலயே சொல்லிச்சி, 'சார் உக்காரச் சொன்னாரும்மா'ன்னு." கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க இன்னா, வேணும்னா செஞ்சீங்க? நானும் அன்னிக்கி அது மூஞ்சப் பாக்காமதான இருந்தேன்" என்றார்.

பன்னிரண்டு வருடம் அது தெரிந்தே, நாள் தவறாமல் "சாப்ட்டீங்களா சார்?" என்று என்னைக் கேட்டவர் அவர். மன்னித்தாரா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அதைப் பற்றி அவர் காத்த அந்தப் பன்னிரண்டு வருட மௌனம்தான் அவர் எனக்குக் கொடுத்தது. அதற்கு நான் தகுதியானவன் இல்லை என்பதை, அவர் கையால் சாப்பிட்ட உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.