பேராயரின் அங்கி ஓரம்

சபையில் அவளைத் தையற்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருபத்திரண்டு வருஷமாக அந்த லுத்தரன் சபையின் பாடகர் அங்கிகளும் பீடத்து விரிப்புகளும் அவள் கையால் தைத்தவைதான். அளவெடுக்கும்போது ஆள் முகத்தைப் பார்க்கமாட்டாள். கையைத் தூக்குங்க, உட்காருங்க என்பதையெல்லாம் டேப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

புதிய பேராயருக்கு அளவெடுத்த அன்று அதுவும் வாயில் வரவில்லை. அறுபது வயது, கனத்த உடம்பு, வலது முட்டியில் வாதம். ஜன்னலோரம் நின்றார். சபைச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள், கழுத்து, உயரம் என்று மூன்றே அளவு எடுத்தாள்.

"ஆயிடுச்சாம்மா?" என்றார் பேராயர்.

"ஆயிடுச்சுங்க ஐயா" என்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

பதவியேற்பு நாள் காலையில் அங்கி அறையில் அவளே அவருக்கு மேலங்கியைப் போட்டுவிட்டாள். கனத்த துணி, தரையை ஒட்டி அழகாக விழுந்தது. மணி அடித்தது, பவனி கிளம்பியது. நூல் துண்டுகளைப் பெருக்கும்போது, மேசையில் கிடந்த ஆராதனை முறைத் தாள் கண்ணில் பட்டது. 'பேராயர் பீடத்தின்முன் முழங்கால்படியிடுவார். போதகர்கள் அவர் தலைமேல் கை வைப்பார்கள்.'

துடைப்பத்தைக் கீழே போட்டாள். முழங்காலில் நின்று எழுகிறவருக்கு முன்பக்கம் நாலு விரல் ஏற்றித் தைக்க வேண்டும். மற்ற போதகர்களை ஒரு தடவை முழங்கால் போடச் சொல்லித்தான் அந்த அளவை எடுப்பாள். இவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாள். ஓரம் முட்டிக்கடியில் மாட்டிக்கொள்ளும். எழும்போது துணி கழுத்தை இழுக்கும். எதிரே கல் படி. நெற்றி நேராக அதில்தான் போய் மோதும்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, அங்கி நீளமாப் போச்சு. எழுந்திரிக்கிறப்போ மிதிச்சு விழுந்துருவாரு."

"நல்ல நேரம் பாத்த சொல்றதுக்கு. ஊசி நூலோட போயி நடுவுல உக்காரு."

"விளையாடாதீங்கண்ணே. நீங்க போயி ஓரத்த லேசா இழுத்து விடுங்களேன்."

"நானா? எங்க பிடிக்கணும்னு எனக்கென்ன தெரியும்? நான் இழுத்தா மொத்தமா அவுந்துரும். தச்ச கைதான் போகணும். பக்கக் கதவு தெறந்துதான் இருக்கு."

பக்கக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். இடுக்கு வழியே பார்த்தால் தலை தலையாக ஆயிரம் பேர். பிரசங்கம் முடிவதற்குள் போய்விடலாம் என்று இரண்டு தடவை கதவில் கை வைத்தாள். இரண்டு தடவையும் கை தானாக இறங்கிவிட்டது. இன்று அவர் மண்டை உடைந்தால், உடைத்தது தன் கைதான்.

பிரசங்கம் முடிந்தது. பேராயர் முழங்காலில் இறங்கினார். பன்னிரண்டு போதகர்கள் சுற்றி வந்து கை வைத்தார்கள். ஜெபம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

அந்த ஒரு தைரியத்தில்தான் அவள் கதவைத் தள்ளினாள். குனிந்து ஓடி, போதகர்களின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து போனாள். யாரோ அவள் விரலை மிதித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நினைத்தது சரிதான். ஓரம் இரண்டு முட்டிக்கும் அடியில் சிக்கிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. மேலே ஜெபம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

"ஐயா, முட்டியத் தூக்குங்க" என்றாள்.

பேராயர் ஒரு கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். வலது முட்டியைத் தூக்கினார். முகம் வலியில் கோணியது. பிறகு இடதை. அவள் துணியை உருவிப் பிடித்துக்கொண்டாள்.

ஆமென் சொன்னார்கள். ஒரு போதகர் நீட்டிய பேராயர் கோலை ஊன்றி அவர் எழுந்தார். தள்ளாடவில்லை.

சபை முழுக்க எழுந்து பாடத் தொடங்கியது. ஆயிரம் பேரும் பேராயரைப் பார்த்தார்கள். அவர் காலடியில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார்கள். எழுந்தால் ஆள் இன்னும் நன்றாகத் தெரியும். தலை குனிந்தே இருந்தாள். பேராயர் பீடத்தருகே இருந்த தன் நாற்காலியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். துணி விறைத்து நின்றது. அவர் திரும்பினார்.

"விடும்மா" என்றார் மெதுவாக.

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.