தாராவி மாவு மில்லில் நான் கழித்துக் கட்டிய நோட்டு

பம்பாயில் எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லோரும் கடலைக் காட்டுவார்கள். நான் பரண்களைக் காட்டுகிறேன். கடல் எங்கும் ஓடிவிடாது. பரண்கள் வாரத்துக்கு நாலாகக் காலியாகிக்கொண்டிருக்கின்றன.

பழைய கடைகள் மூடுகின்றன. பாதிக்கு வியாபாரம் இல்லை, மீதிக்குக் கட்டடமே இல்லை. உள்ளே இருக்கும் நோட்டுகளும் கடிதங்களும் கிலோ கணக்கில் ரத்திக் கடைக்கு, அதாவது பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியின் ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருடம் சக்கரவர்த்தியாக ஆண்டவன் நான். கம்பெனியை இழுத்து மூடியபோது என் சாம்ராஜ்யம் முழுவதும் ஒரே பிற்பகலில் லாரி ஏறியது. பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சில் தாணே வரை ஜன்னல்கள் ஆடியிருக்கும். அதற்கப்புறம்தான் செம்பூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, மூடப்போகும் கடைகளுக்குப் போய் என்ன காகிதம் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, முக்கியமானதைக் காப்பாற்ற ஆரம்பித்தோம். எங்களுக்கு மொத்தம் எட்டு முழங்கால். அதில் ஐந்து வேலை செய்கிறது.

இந்தப் பயணம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலை 8.40க்கு செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, 9.15க்கு சயான். டிக்கெட் ஐந்து ரூபாய். குர்லா மேம்பாலத்தில் ஏறும் கூட்டத்தில் நீங்கள் கால் வைக்கவே வேண்டாம், ஜனங்களே தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். சயானிலிருந்து தொண்ணூறு அடி ரோடு ஒரு கிலோமீட்டர் நடை. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் ஆட்டோ மினிமம் 26 ரூபாய். என்னோடு வந்தவன் கிட்டா. வங்கியில் ஓய்வு பெற்றவன், பாலக்காட்டுக்காரன், மாட்டுங்காவில் என் பால்ய சிநேகிதன்.

போன இடம் சுடலைமுத்து அண்ணாச்சியின் மாவு மில். பன்னிரண்டுக்குப் பதினைந்தடி அறை, ஐந்து கிரைண்டர், ஒரு பரண். பம்பாய்த் தெருக்களில் சைக்கிளில் இட்லி விற்பவர்களில் பலர் தாராவியிலிருந்து கிளம்புகிறவர்கள். சாயங்காலம் ஊறிய அரிசியும் உளுந்தும் போட்ட டேக்சாப் பாத்திரத்தை மில்லில் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்ப எடுக்கும்போது அது மாவாக இருக்கும். லாக்டவுனில் ஊருக்குப் போன பாதிப் பேர் திரும்பவில்லை. இப்போது பாக்கெட் மாவு வேறு வீடு தேடி வருகிறது. கட்டடமும் இடிக்கப் போகிறார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையோடு மில் மூடல்.

"எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க சார். எது வேணும், எது வேண்டாம்னு படிச்சவங்க நீங்க சொன்னா சரியா இருக்கும். வேண்டாததை மதியம் ரத்திக்காரன் அள்ளிட்டுப் போயிருவான்" என்றார் அண்ணாச்சி.

இந்த மாதிரி மரியாதைதான் மனிதனைக் கெடுப்பது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். சிங்காசனம் தேடினேன், கவிழ்த்துப் போட்ட உளுந்து டின் கிடைத்தது. இரண்டரை மணி நேரம் நீதி வழங்கினேன். கிரைண்டர் வாங்கிய ரசீதுகள், அண்ணாச்சியின் அப்பா தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் முதல் மில் வைத்தபோது எழுதிய கடிதங்கள், உளுந்து மண்டியின் விலைப்பட்டியல்கள், எல்லாம் 'வை' பக்கம். நடுவில் ஒரு தடித்த நோட்டு. அட்டை இல்லை. பக்கத்துக்குப் பக்கம் மேலே ஏதோ மீன், ஏணி, வட்டம், பூ. கீழே கொஞ்சம் பென்சில் எழுத்து. பேர் இல்லை, தேதி இல்லை. எங்கள் படிவத்தில் பேருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. இரண்டும் காலியாக இருந்தால் என் ஆட்சியில் ஒரே தீர்ப்புதான். 'கிறுக்கல். தேவையில்லை' என்று எழுதி, அந்தப் பக்கம் வீசினேன்.

12.20க்கு ரத்திக்காரர் மூன்று மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் கட்டிங் சாய், அதாவது அரை டீ குடித்தோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய். என் நிர்வாகத் திறமை பற்றி நானே கிட்டாவுக்குச் சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

1.10க்கு ஒரு அம்மாள் இடுப்பில் ஒரு பெரிய டேக்சாவோடு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் செல்வி.

"அண்ணாச்சி, மில்லை மூடுறதுக்குள்ள எனக்கு ஒரு வழி சொல்லிட்டு மூடுங்க. அந்த மாரியப்பன் மாட்டுங்கா லைனை விடமாட்டேங்கான்."

விஷயம் இதுதான். இட்லிக்காரர்களுக்கு ஆளுக்கொரு தெருவரிசை உண்டு, அதற்குப் பேர் லைன். செல்வியின் கணவருக்கு கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் வரை. லாக்டவுனில் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போனார்கள். அங்கே அவருக்குக் கையும் காலும் விழுந்துவிட்டது. இத்தனை வருடம் அவரைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, இப்போது செல்வி தனியாக வந்திருக்கிறார், லைனைத் தானே எடுத்து நடத்த. மாரியப்பன் அதில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"லைன் நோட்டுல இருந்தா உன் லைன்தாம் தாயி, யாரு மாத்த முடியும்? நோட்டு இல்லாம நான் வாயால சொன்னா, நாளைக்கு ஒம்போது பேரு வந்து நிப்பான்" என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சார், அந்த லைன் நோட்டை எடுங்க."

"எந்த நோட்டு?"

செல்வி டேக்சாவைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் ஆணியால் குத்திக் குத்திப் போட்ட அடையாளம். ஒரு வட்டம், மேலே இரண்டு கொம்பு. "இது எங்க மாட்டுக்கொம்பு. நோட்டுலயும் இதான் போட்டிருக்கும்."

"முருகன்னே பதினோரு பேரு இருந்தான் சார், பேரை வச்சு என்ன பண்ண? பாத்திரத்துல என்ன வெட்டியிருக்கோ அதான் ஆளு. அவனவன் கையால அவனவன் வரைவான்" என்றார் அண்ணாச்சி.

கிட்டா என் படிவத்தை எடுத்து உரக்கப் படித்தான். "கிறுக்கல். தேவையில்லை." பிறகு என்னைப் பார்த்தான். "ஏண்டா, முப்பத்தொரு வருஷம் அந்தக் கப்பல்காரன் ஒனக்கு எதுக்குச் சம்பளம் கொடுத்தான்?"

என் வாழ்க்கையில் பூமி பிளந்து என்னை விழுங்க வேண்டிய தருணம் அது. தாராவியில் பூமி பிளக்கவும் இடமில்லை. செல்வி டேக்சாவைத் தரையில் வைத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டார். "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டார்.

ரத்திக் கடை மில்லிலிருந்து நடந்தால் பதினாலு நிமிடம். நான் ஓடினேன், பத்தொன்பது நிமிடம். தகரக் கூரைக்குக் கீழே காகித மலை. இமயத்தை நேரில் பார்க்காதவர்கள் இதைப் பார்த்துத் திருப்தி அடையலாம். கடைக்காரர் சிரித்தார். "அரே அங்கிள், அபி தியா, அபி வாபஸ்?" இப்போது கொடுத்ததை இப்போதே திரும்பக் கேட்கிறாயே என்கிறார். கேட்பார்தான்.

எங்கள் மூட்டைகள் பிரிந்து கிடந்தன. நாலு மணிக்குக் காகிதக் கூழ் மில்லுக்கு லாரி என்றார். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து கிளறினோம். கல்யாணப் பத்திரிகை, டியூஷன் நோட்டு, யாரோ ஒருவரின் எக்ஸ்ரே. 2.50க்கு, "சார்... மீனு!" என்று அவர் கத்தினார். மீன் போட்ட பக்கம், ஏணி போட்ட பக்கம், பிறகு மாட்டுக்கொம்பு. நோட்டு முழுசாக இருந்தது. அந்தத் தாள்களைப் பார்த்து நான் அடைந்த ஆனந்தத்தை என் கல்யாணத்தில்கூட அடையவில்லை. (இதை என் மனைவி படிப்பதில்லை.)

மாட்டுக்கொம்புக்குக் கீழே லைன் எழுதியிருந்தது. தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவர்கள் வைத்த பெயர். 'கெணறு பில்டிங். ஊமைக் கூர்க்கா. நாய் பில்டிங், ரெண்டாம் மாடி, சட்னி தனியா.' பின்னாலேயே வந்திருந்த கிட்டா என் தோளைத் தட்டினான். "டேய், இது ஒங்காத்து பில்டிங் இல்லையோ?" எங்கள் கட்டடத்துக்கு வாசலில் சலவைக்கல்லில் ஒரு ராஜபரம்பரைப் பெயர் பொறித்திருந்தது. ஆனால் கீழ்வீட்டில் நாய் இருந்தது, நாங்கள் இரண்டாம் மாடி. காலை ஏழேகாலுக்கு இட்லிக்காரரின் ரப்பர் ஹாரன் பாம் பாம் என்னும். அம்மா கயிற்றில் தூக்குச்சட்டியைக் கட்டி பால்கனியிலிருந்து இறக்குவாள், மேலே வரும்போது இட்லி ஆவியில் மூடி வியர்த்திருக்கும். சட்னியைத் தனியாகத்தான் வாங்குவாள். அவள் போய் வெகுகாலமாகிறது. அவள் கட்டளை மட்டும் ஒரு இட்லிக்காரர் நோட்டிலிருந்து அடுத்த நோட்டுக்கு ஏறி ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. என் ரெக்கார்டு ரூமில் லட்சம் ஃபைல் இருந்தது, எங்கள் வீடு இருந்த ஃபைல் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றரைக்கு மில்லுக்குத் திரும்பினோம். அண்ணாச்சி ஆள் விட்டு மாரியப்பனை வரவழைத்திருந்தார். ஒல்லியான மனிதர், சைக்கிளை விட்டு இறங்காமலே பேசினார்.

"மதினி, நான் பிடுங்கிக்கிட்டேன்னு சொல்லாதிய. ஆறு வருசமா அந்தத் தெருவுல மழையில நனைஞ்சது யாரு?"

அண்ணாச்சி பதில் சொல்லாமல் பக்கத்தைத் திறந்து காட்டினார். மாட்டுக்கொம்புக்குக் கீழே, ஒரு கட்டத்துக்குள் ஒரு மீன். ஊருக்குப் போகிறவர் திரும்பும்வரை லைனைப் பார்த்துக்கொள்கிறவர் இப்படிக் கட்டத்துக்குள்தான் வரைய வேண்டுமாம். மாரியப்பன் குனிந்து பார்த்தார்.

"நான் வரைஞ்சதுதான். வாலு கோணலா இருக்கு பாருங்க. அண்ணன் அன்னைக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படுத்துனாரு." சைக்கிளிலிருந்து இறங்கினார். "சரி மதினி. திங்கக்கிழமையில இருந்து நீங்க போங்க. என் பழைய லைனை அன்னைக்கே வேற ஆளுக்கு விட்டுக் குடுத்துட்டேன். எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு. நான் எங்க போவேன், அதையும் இந்த நோட்டே சொல்லட்டும்."

சொன்னது. அண்ணாச்சி புரட்டிப் புரட்டி ஏணி போட்ட பக்கத்தில் நிறுத்தினார். செம்பூர், ஸ்டேஷன் முதல் டைமண்ட் கார்டன் வரை. ஏணிக்காரர் ஊரிலேயே பலசரக்குக் கடை போட்டுவிட்டார், வரமாட்டேன் என்று போனில் சொல்லியாயிற்று.

"அது நாறப்பய தூரம்லா அண்ணாச்சி!"

"பிறவு? வாசல்ல கொண்டாந்து தருவாவளா?"

"நம்ம ஏரியாதான். சட்னி நன்னா இருந்தா நான் நாலு வீடு சொல்றேன்" என்றான் கிட்டா.

மாரியப்பன் என்னிடம் பேனா கேட்டார். பழைய ஆவணத்தில் புது மை படக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் முதல் விதி. அதை எழுதியதும் நானே. பேனாவைக் கொடுத்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் ஒரு மீன் வரைந்தார். இந்த முறை கட்டம் போடவில்லை.

நோட்டை எங்கள் செம்பூர் அலமாரிக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டோம். மில் போனபின் நோட்டு யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தபோது மாரியப்பனே, "மதினிகிட்ட இருக்கட்டும், தேடிப்போன ஆளு அவியதான்" என்றார். மற்ற காகிதங்களோடு நாங்கள் ஆட்டோவில் திரும்பினோம். மீட்டர் 121 ரூபாய், 45 நிமிடம். வழி முழுக்கக் கிட்டா பேசினான். அதை இங்கே எழுத முடியாது.

கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை காலையே போங்கள், ஞாயிறு கூட்டத்தில் முழங்கால் எட்டும் போய்விடும். தூசிக்கு முகமூடி, குடிக்கத் தண்ணீர், ஒரு செட் பழைய சட்டை. எதையும் கழிப்பதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். படித்துப் புரியாத காகிதம் கையில் வந்தால் கடைக்காரரிடம் காட்டி, இது இன்னும் யாருக்காவது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் பத்தொன்பது நிமிடம் ஓடியிருக்க வேண்டாம். அந்த அம்மாள் குப்பை மலையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

லைன் நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராவியில் செல்வியைக் கேட்டால் காட்டுவார். காலை பத்தரைக்கு மேல் போங்கள். அதுவரை அவர் மாட்டுங்காவில் இருப்பார்.