நான் வாசிக்காமல் விட்ட வரி

என் பிள்ளைகளே,

"அப்பாக்குக் கந்தோரில என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "ஃபைல் தூக்கிறது" என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. சிறுவர் பராமரிப்புக் கந்தோர் ஒன்றில் பியோனாக இருந்தேன். சிங்களம் தெரிந்ததால் மொழிபெயர்க்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாட்டில் சண்டை முடிந்து சில வருசத்துக்குப் பிறகு நடந்தது இது.

1. ஃபைல்

வெளிநாட்டார் இங்கே பிள்ளை தத்தெடுப்பது லேசான வேலை இல்லை. கலியாணம் கட்டிய சோடியாக இருக்கவேண்டும். அவர்களுடைய நாட்டு அதிகாரிகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். மெடிக்கல், சம்பளக் கடிதம் எல்லாம் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு வரும். எந்தப் பிள்ளை என்று கொழும்புதான் தீர்மானிக்கும். விருப்பத்துக்கு ஒரு பிள்ளையைக் காட்டிக் கேட்க ஏலாது. பிறகு இரண்டு பேரும் இங்கே வந்து கோட்டில் நீதிபதி முன்னால் நிற்கவேண்டும்.

இத்தனைக்கும் முதல் வேண்டியது, பெற்ற தாயின் சம்மதம்.

2. ஜெசிந்தா

மாம்புரிக் கடற்கரைப் பக்கத்துப் பெண். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். நாலாவதைப் பெற்று, ஒன்றரை மாதத்தில் சிறுவர் இல்லத்தில் விட்டிருந்தாள்.

எங்கள் கந்தோருக்குப் பொறுப்பான மிஸ், தாய் சம்மதம் எழுதும் ஃபோமைச் சிங்களத்தில் வாசிக்க, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "கோட்டுக் கட்டளை கிடைத்த பிறகு இந்தப் பிள்ளை சட்டப்படி என் பிள்ளை அல்ல" என்ற வரி வந்தது. ஜெசிந்தாவின் சட்டையில் பால் கசிந்திருந்தது. அந்த வரியை நான் தமிழில் சொல்லவில்லை.

"நல்லா வளப்பினம், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"மீன் குடுப்பினமோ, அண்ணன்? வெள்ளைக்காரருக்கு முள்ளெடுக்கத் தெரியுமோ?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"விளங்கினதா எண்டு கேளுங்க" என்றார் மிஸ், சிங்களத்தில்.

நான் கேட்கவில்லை. "ஓம், விளங்கினது" என்று மிஸ்ஸிடம் நானே சொன்னேன். ஜெசிந்தா ஒப்பம் வைத்தாள்.

பிறகு கோட்டிலும் சம்மதமா என்று மட்டும் கேட்டார்கள். சம்மதம் என்றாள். வெளிநாட்டுச் சோடி பிள்ளையைக் கொண்டுபோனது.

3. மஞ்சள் சட்டை

அடுத்த வருசம் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு முந்திய கிழமை ஜெசிந்தா கந்தோருக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் சட்டை. ஒரு வயதுப் பிள்ளைக்கு அளவாகத் தைத்தது.

"பிள்ளைய எண்டைக்குக் கூட்டிக்கொண்டு வருவினம், அண்ணன்? அன்னம்மாளுக்கு நேத்தி வச்சிருக்கிறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் கரையில் கஷ்டம் வந்தால் பிள்ளையை, ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய் வீட்டில் விடுவார்கள். திருநாளுக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும். நானே அப்படி வளர்ந்தவன். அவளும் அப்படித்தான் நினைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஃபைலை எடுத்து அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இத அண்டைக்கு வாசிச்சனீங்களோ?"

"இல்லை, தங்கச்சி."

"வாசிச்சிருந்தா ஒப்பம் வச்சிருக்க மாட்டன். கஞ்சி குடிச்செண்டாலும் வளத்திருப்பன்."

சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிஸ்ஸிடம் என் பிழையைச் சொன்னேன். அவர் கொழும்புக்கு எழுதிப் பார்த்தார். கோட்டுக் கட்டளை விழுந்தது விழுந்ததுதான்.

பிள்ளைகளே, கேட்கிறவருக்கு நோகும் என்று அவருடைய சீவியத்தைப் பற்றிய விசயத்தை மறைக்க எங்களுக்கு உரிமை இல்லை. அழட்டும். அழுதுவிட்டு ஒப்பம் வைக்கட்டும், இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஜெசிந்தா வந்துபோன அன்று, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, அலுமாரியில் இருந்த நிரப்பாத ஃபோம்களை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் அந்தச் சிங்கள வரிக்கு நேரே, சிவப்புப் பேனையால், பெரிய எழுத்தில், அதைத் தமிழில் எழுதினேன்.