ஜான்சி அக்காவின் கடல் சட்டி

தை பிறந்து கடை மறுபடி அசைவத்துக்கு மாறிய முதல் வாரம், ஜான்சி அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

“எப்படி இருக்கு கடல் சட்டி?”

“நல்லா இருக்குக்கா.”

“கணவாயக் கடிச்சியா?”

“கடிச்சேன்.”

“இன்னும் கடிச்சுக்கிட்டேதான் இருக்க. உள்ள இருந்து பாத்துட்டுத்தான் வர்றேன்.”

பக்கத்து மேசையில் குமுளிக்காரர் ஒருவர் கிண்ணத்தைக் கரண்டியால் துழாவிவிட்டு, “சேட்டா, இதில் மீன் எவிடெ?” என்று மலையாளத்தில் கேட்டார். கல்லாவில் இருந்த முதலாளி ஈஸ்வரபாண்டி, “அடியில நீந்திக்கிட்டு இருக்கும் சார்” என்றார். அந்த மேசையே சிரித்தது.

அக்கா குரலைத் தாழ்த்தினார். “உள்ளதச் சொல்லு ஆத்தா. என்ன ருசி தெரியுது?”

“பன்னீர் மசாலா மாதிரி இருக்குக்கா.”

“மாதிரி இல்ல. அதேதான்.” தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூடலூரில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் எனக்கு வேலை. கேரளத்து ஆட்களோடு போனில் மலையாளம் பேசுவேன். மதியம் அந்தக் கடையில் சாப்பிடுவேன். கடை பிழைத்ததே கடல் சட்டியால்தான். இறால், கணவாய், மீன் துண்டுகள் தேங்காய்ப்பாலில் கொதித்து, மண்சட்டியோடு மேசைக்கு வரும். கோட்டயத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தபோது அக்கா கற்றுக்கொண்டது. கணவர் ஜாஸ்பர் இறந்த பிறகு, மகள் ஜெஸ்லினோடு ஊருக்கே திரும்பிவிட்டார். கடையின் அடுப்படி முழுதும் அவர் கையில் இருந்தது. கணவாயைக் கடைசியில் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பராகிவிடும் என்பதில் கறார். அவசரப்படுத்தினால் முதலாளியையே, “அங்கன போயி கல்லாவப் பாருங்கண்ணே” என்று விரட்டுவார்.

கார்த்திகை வந்தால் எங்கள் சாலை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் நிறைந்துவிடும். அந்தக் கடை தை வரை சைவமாகிவிடும். கடையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, மீன் சட்டிகளைச் சாக்கில் கட்டிப் பின்பக்க ஷெட்டில் வைப்பார்கள். அந்த நாட்களில் அக்கா ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். வருடா வருடம் நடப்பது. அவர் அதைக் குறையாக நினைத்ததில்லை.

இந்த முறை சைவ சீசனுக்கு முதலாளி, அஜய்குமார் என்ற சமையல் மாஸ்டரை அமர்த்தினார். அவர் வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்து ஒரு அண்டா கிரேவியைக் காலையிலேயே போட்டுவிடுவார். பன்னீர், காளான், காலிபிளவர் எதுவானாலும் அதே கிரேவி. ஆர்டர் சொல்லி முடிக்குமுன் தட்டு வந்துவிடும். ஈஸ்வரபாண்டிக்கு அந்த வேகம் பிடித்துப்போயிற்று.

தையில் அக்கா வந்தபோது ஷெட்டில் சட்டிகள் இல்லை. மீன் பட்ட சட்டி சைவக் கடையின் பின்னால்கூட இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம், உடைத்துக் கொட்டியிருந்தார்கள். அடுப்பில் அஜய்குமார் நின்றார். அதே அண்டா, அதே கிரேவி. காலையில் விழுந்த இறாலும் கணவாயும் மத்தியானம் வரை அதில் கொதித்துக்கொண்டிருந்தன.

“புதுச்சட்டி வாங்குங்கண்ணே, நான் பழக்கித் தர்றேன்” என்று அக்கா கேட்டிருக்கிறார்.

“இனி எதுக்கு அந்தச் சோலி? வந்தவுக சாப்பிட்டுட்டுத்தான போறாக? நீ டேபிளப் பாத்துக்க. ஆம்லெட் கேட்டா மட்டும் போட்டுக் குடு.”

சம்பளத்தைக் குறைக்கவில்லை. ஜெஸ்லினின் நர்சிங் படிப்பு முடியாமல் அக்காவால் வேலையை விடவும் முடியாது. மாஸ்டர் மாறியது சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரியாது. “என்னக்கா, கை தளந்துருச்சா?” என்று பழைய ஆட்கள் அவரிடமே கேட்டார்கள். முதலாளி காதில் விழும் தூரத்தில் அவர் என்ன பதில் சொல்வார்? மேசையைத் துடைத்துக்கொண்டே நிற்பார். அடுப்பு கைவிட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்தக் குழம்பைத் தான் வைத்ததாக ஊர் நினைப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்று நான் கை கழுவிவிட்டுக் கிளம்பியபோது, வாசல்வரை கூடவே வந்தார்.

“இனிமே வந்தா சட்டி சொல்லாத ஆத்தா. ஆம்லெட் சொல்லு. அது மட்டுந்தான் நான் போடுறது.”