காலியாக இருந்த இருக்கை

என் அக்காவிடம் நான் பொய் சொன்னேன். ரயிலில் இடம் இருந்தது. இல்லையென்று சொன்னேன்!

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி... முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீடு. விடுமுறைக்கு இலங்கை போகலாம் என்றார் கணவர். அவருடைய மேலாளர் குடும்பமும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. கண்டியிலிருந்து தேயிலை மலைகளினூடே எல்ல என்ற ஊருக்குப் போகும் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு.

செய்தி தெரிந்ததும் தேவாரத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"ஏத்தா, நானும் வாரேன்டி! இந்த வயசுவரைக்கும் நான் ரயிலே ஏறுனதில்ல."

கைப்பேசித் திரையில் எங்கள் பெட்டியிலேயே ஓர் இருக்கை காலியாகத் தெரிந்தது. என் விரல் அதன்மேல் நின்றது... அக்கா வாழைத் தோட்டக்காரி. அடுத்த தோட்டத்துக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். மேலாளரையே 'ஏலே தம்பி' என்று கூப்பிட்டுவிடுவாளே!

"டிக்கெட் தீந்துபோச்சுக்கா," என்றேன்.

"போகுது விடு," என்றாள். அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபித்திருக்கக் கூடாதா!

சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு வந்தவள், புதிய பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தாள்.

"அடுத்த தடவைக்கு ஆகும்ல? எங்க போறீகன்னு மதுரை பாஸ்போர்ட் ஆபீசுல கேட்டாக. என் தங்கச்சி கூட்டிட்டுப் போவான்னு சொன்னேன்."

படம் எடுக்கையில் சிரிக்கக் கூடாது என்றார்களாம். வாயை மூடிக்கொள்ளத் தான் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். எதற்காக வெட்கப்பட்டேன்? யாருக்காக?

அன்றே மறுபடி தேடினேன். அந்த ரயில் இப்போது உண்மையிலேயே நிரம்பியிருந்தது. அதற்கு மறுநாள் போகும் ரயிலில் இரண்டு இடங்கள் கிடைத்தன. அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"மேலாளர் வீட்டுல என்ன நினைப்பாக?" என்றார் கணவர்.

"நினைச்சுட்டுப் போகட்டும். நீங்க அவுகளோட முன்னாடி போங்க. நாங்க மறுநாள் வாரோம்."

அடுத்த வாரம் புறப்படுகிறோம். ஜன்னலோர இருக்கை அக்காவுக்கு. அவள் பக்கத்தில் அத்தனை நேரம் உட்காரப் போகிறேன் என்று நினைத்தாலே மனம் துள்ளுகிறது. சத்தமாகவே பேசட்டும்! மலை முழுக்கக் கேட்கட்டும்!

ஆனால்... நேற்று, அக்கம்பக்கத்துப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு அக்கா போன் செய்தாள்.

"இல்லைன்னு போன டிக்கெட்ட விடாமத் தேடி வாங்கிட்டா என் தங்கச்சி! எனக்காக நீ எம்புட்டு அலைஞ்சேன்னு இவுகளுக்குச் சொல்லுத்தா!"

உண்மை தொண்டைவரை வந்தது. அந்தப் பக்கம் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரொம்ப அலைஞ்சேன்க்கா," என்றேன்.