கப்பை விட்ட மேனேஜரிடம் என் மகள்

ஒரு கால்பந்து அணியின் மேனேஜர் நல்லவரா, மோசமானவரா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததே அதிசயம்தான். வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

போன வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம் அது. நாங்கள் திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு வேடசந்தூர் மில்லில் வேலை. காலையில் மில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. குறைமாதத்தில் பிறந்தவள். அவள் இரண்டு முறை தும்மினால் மூன்றாவது தும்மலுக்காகக் காத்திருக்கிற ஆள் நான். படித்திருக்கிறேன், புத்தி சொன்னால் புரியும். ஆனாலும் பயம் போவதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வந்து, "அம்மா, நான் ஃபுட்பால் சேரப்போறேன்" என்றாள். பள்ளிக்குப் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி. நடத்துகிறவர் எங்கள் ஊர்ப் பழைய கால்பந்து கிளப்புக்குப் பல வருடம் மேனேஜராக இருந்தவராம். "வெளையாடட்டும் விடு, எந்நேரமும் வீட்டுக்குள்ளயே கெடக்கு" என்று கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடியவில்லை. டியூஷன் மிஸ்ஸையே நாலு வீட்டில் விசாரித்த பிறகுதான் சேர்த்தேன்.

விசாரிக்கத் தொடங்கியது கறிக்கடையில். "யாரு, கப்பை விட்டவரா?" என்று கடைக்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வெளையாட்டுச் சொல்லித் தருவாரு. ஜெயிக்கச் சொல்லித் தரமாட்டாரு." அதே தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் கேட்டேன். "தங்கமான மனுசன்மா! ஒரு காலைச் சாய்ச்சு நடக்கிற எந்தம்பிய, சித்தையன்கோட்டையில இருந்து வரவழைச்சு ஆட வச்சவரு" என்று பூவை மடியில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பத்தடி தூரத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு மனிதர். எனக்குக் கவலையை விட ஆர்வம் அதிகமாகிவிட்டது. அப்படி என்னதான் செய்தார் இந்த ஆள்?

சும்மா பார்ப்போம் என்று மகளோடு மைதானத்துக்குப் போனேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், சத்தமே இல்லாமல் பிள்ளைகளை ஓட விட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு டீக்கடை. அங்கே மூன்று பேர் தினமும் உட்கார்ந்திருப்பார்களாம். கிளப் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்த ரசிகர்கள். ஒருவர் பூட்டுக்கடை வைத்திருப்பவர், பெரிய குரல். இன்னொருவர் ஆட்டோ ஓட்டுபவர். மூன்றாமவர் தோல் பை, செருப்பு வியாபாரம் செய்யும் பாய்; சிரிப்பாரே தவிர அதிகம் பேசமாட்டார். டீ வாங்குகிற சாக்கில் நானே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அந்த சார் மேனேஜரா இருந்தப்ப எப்படி?"

"உக்காருங்க தங்கச்சி" என்றார் பூட்டுக்கடை அண்ணன். "இது ஒரு டீயில முடியிற கதை இல்ல."

இந்த மேனேஜருக்கு முன்பு கிளப் ஒரே தெருவின் சொத்து மாதிரி இருந்ததாம். அந்தத் தெருப் பையன்கள், அவர்களுடைய மச்சான்கள், அவ்வளவுதான் அணி. இவர் வந்ததும் வேடசந்தூர் மில் பையன்கள், கீரனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள், தோல் பட்டறைப் பையன்கள் என்று எல்லோரையும் சேர்த்தார். கூடவே ஒரு சட்டம் வைத்தார். ஷூ மாட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவன் எவனும் ஆடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி.

"கண்ணாடியக் கழட்டித் துடைச்சாருன்னா போச்சு. யாரையோ வெளிய எடுக்கப்போறாருன்னு அர்த்தம்" என்றார் ஆட்டோ அண்ணன். "நாங்க சுத்தி நின்னு கத்துவோம், சார், துடைக்காதீங்க சார்னு!"

பூட்டுக்கடை அண்ணன் காலி டீ கிளாஸ்களைப் பெஞ்சில் வரிசையாக அடுக்கினார். அந்தப் பிரபலமான ஃபைனலை எனக்கு ஆடிக்காட்டப் போகிறாராம்.

"இந்தா, இது நம்ம கோல். இது அவிங்க கோல். ஒண்ணுக்கு சைபர்ல நாம முன்னால இருக்கோம். இன்னும் செத்த நேரம் தள்ளுனா கப்பு நம்மளுது. இந்த மனுசன் கண்ணாடியத் துடைக்கிறாரு! எடுத்தது யாரை? சிங்கமாட்டம் ஆடிக்கிட்டிருந்தவன." ஒரு கிளாஸைத் தூக்கித் தள்ளி வைத்தார். "எறக்குனது யாரை?" கடையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். "இதை!"

எல்லோரும் சிரித்தார்கள். பாய் கையை நீட்டி அந்தப் பன்னை எடுத்து, தன் டீயில் முக்கிக் கடித்தார்.

"அந்தப் பன்னு நான்தாம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு வருடமாக அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, தினமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்!

"பந்து கோட்டுக்கு வெளிய போயிரும்னு விட்டுட்டேன். போகல" என்றார் பாய். அதை எதிரணிக்காரன் எடுத்துக் கோல் அடித்தான். பிறகு இன்னொரு கோல். கப் போயிற்று. அடுத்த வருடமே மேனேஜரையும் மாற்றிவிட்டார்கள்.

ஆட்டோ அண்ணன் விடவில்லை. "சரி, இவருக்கு அப்புறம் வந்தவரு கப்பு வாங்கித்தான் குடுத்தாரு. ஆனா என்னாச்சு? பெஞ்சுலயே உக்காந்து நொந்துபோயி ஒவ்வொருத்தனா நின்னுட்டான். கடைசியில பதினோரு பேரு தேறல. கப்பு வந்துச்சு, கிளப்பு போச்சு."

"ஏலே, கப்பு வாங்காத கிளப்பு எதுக்குலே?"

"கிளப்பே இல்லாத கப்பை எங்கலே வைப்ப? உங்கடைப் பூட்டுக்கு நடுவுலயா?"

இருவரும் எழுந்து நின்றே சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள். நான் பாயிடம் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கு மேனேஜர் உங்களைத் திட்டவில்லையா என்று.

"திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஒண்ணும் சொல்லல. அடுத்த மேட்ச்லயும் எறக்கினாரு. வேணாம் சார், கத்துவாங்கன்னு கையைப் புடிச்சுக் கெஞ்சுனேன். கேக்கல. எங்க வாப்பா வெளிய தலைகாட்ட முடியாம இருந்தாரு. ஆனா ஒண்ணும்மா, அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு தடவை ஆடிட்டு வந்தப்புறம் எனக்கு வேற எந்தச் சத்தமும் பெருசாத் தெரியல. கடை வச்சது, நட்டப்பட்டது, மறுபடி வச்சது, எதுவும்."

"அப்ப உங்க மகளையும் இவர்கிட்ட சேத்திருக்கீங்களா?"

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "சேக்கலம்மா."

"ஏன்?"

"எம்மகளைப் பாத்து யாராச்சும் கத்துனா என்னால தாங்க முடியாது."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன முடிவு எடுப்பது? விசாரித்தால் தெளிவு வரும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கடைசியில் மகளின் முகத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டேன். சேர்த்த பிறகும் தினமும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பழைய ஆட்டங்களின் கதையைக் கேட்டேன். ஏதாவது ஒரு கதையில் விடை இருக்கும் என்று நினைத்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் முதல் ஆட்டம் வந்தது. பக்கத்துப் பள்ளியோடு. என் மகள் மட்டும் பெஞ்சில். எங்கள் அணியில் ஒரு பெண் இருக்கிறாள். பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டு வரும். அவளுடைய அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு மகள் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார். அந்தப் பெண்தான் கோல் போட்டாள். ஒன்றுக்கு சைபர். டீக்கடை மூவரும் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், துடைக்காதீங்க சார்!" என்று பூட்டுக்கடை அண்ணன் அலறியது எனக்குக் கேட்டது. சிரிப்பு வரவில்லை. கோல் போட்ட பெண் வெளியே வந்தாள். என் மகள் உள்ளே போனாள்.

"ஏனுங்க சார், எம்புள்ளயத்தான் எடுக்கோணுமா?" என்று பக்கத்திலிருந்த அம்மா எழுந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்து நேராக என் மகளிடம்தான் வந்தது. முகத்துக்கு நேரே வந்ததும் பயந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். அதுவும் எங்கள் கோலுக்கு முன்னால். பெனால்ட்டி. கோல். சுற்றி நின்றவர்கள் போட்ட கூச்சலில் என் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் கோட்டோரத்தில் ஒரு குரல். "அதை விடும்மா! அடுத்த பந்தைப் பாரு! அடுத்த பந்தைப் பாரு!" அந்த அமைதியான பாய்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு, கோட்டை ஒட்டியே அவளோடு ஓடினார். மகள் அடுத்த பந்துக்கு ஓடினாள். கிடைக்கவில்லை. அதற்கடுத்ததற்கும் ஓடினாள். இன்னொரு கோல் வாங்கித் தோற்றோம்.

எல்லோரும் கலைந்த பிறகு மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணையே விட்டிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல?"

"ஜெயிச்சிருக்கலாம்மா."

"அப்புறம் ஏன் சார்?"

"உங்க புள்ள ஷூ மாட்டி வந்துச்சுல்ல?" என்றார். பிறகு பந்துகளை வலைப் பையில் போட்டுக்கொண்டே, "அந்த ஃபைனல்ல நான் செஞ்சது சரியான்னு எனக்கே இன்னும் தெரியலம்மா. ஒரு நாளு சரின்னு தோணுது. ஒரு நாளு அந்தப் பசங்க முகம் வந்துருது" என்றார்.

ஊரே யாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அவரே இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. சொல்லப்போனால், அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான். கூடவே கோபமும் வந்தது. தெரியாத ஒன்றுக்கு என் பிள்ளையை ஏன் இறக்கினீர்கள் என்று.

மகள் அன்றைக்கு அழுதாள். வகுப்பில் இரண்டு வாரம் கேலி செய்தார்களாம். ஆனாலும் பயிற்சிக்குப் போவதை நிறுத்தவில்லை. விரும்பிப் போகிறாளா, நாம் சேர்த்துவிட்டோமே என்பதற்காகப் போகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால், "போறேன்மா" என்கிறாள். நானும் சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒன்று. அடுத்த மாதம் ஒரு ஆட்டம் இருக்கிறது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். அன்று கவனித்து எடுத்துக்கொண்டால், கோல் போட்ட அந்தப் பெண்ணுக்கு விளையாட்டு விடுதியில் இடமும் படிப்பும் கிடைக்கக்கூடும். போன வாரம் அவளுடைய அம்மா ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்தார். செத்த நேரம் விலைவாசி பேசினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிப்போட முடியுங்களா? பெஞ்சுல இருக்கறது பாப்பா ஒருத்திதானுங்க, பாப்பா வரலீனா சாரு எம்புள்ளய வெளிய எடுக்கமாட்டாருங்க" என்றார்.

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் யார் வீட்டுக் கதவையாவது தட்டியிருப்பேன். கணவர் "அனுப்பாதே" என்கிறார். மறுநாளே "அதெப்படி, புள்ளைக்குத் தெரிஞ்சா என்ன நினைக்கும்?" என்கிறார். டீக்கடையில் கேட்டால் மூன்று பேரும் மூன்று சொல்வார்கள் என்பதால் கேட்கவில்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போகும்போது இன்னொரு பிள்ளை வெளியே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் கோட்டுக்கு வெளியே ஓர் அம்மா இருக்கிறாள் என்பதை அந்த மைதானத்தில் பார்த்தேன். அதன் பிறகு எனக்குச் சுலபமான முடிவு என்று எதுவும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள், குறிப்பாகப் பிள்ளை வளர்த்தவர்கள், எனக்கு எழுதுங்கள்: அன்றைக்கு என் மகளுக்கு நான் ஷூ மாட்டி அனுப்பட்டுமா, வேண்டாமா?