மறுபடியும் ட்ரெஞ்சு

அந்த வருஷம் என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒன்றே ஒன்று: ஜில்லா போர்டு வேலை. ஓசூரில் ரோட்டு கேங்கில் கூலி. ஜல்லி கொட்டுவது, குழி தூர்ப்பது, ஓவர்சியர் வந்தால் குனிந்து நிற்பது. அழகும் இல்லை, நிலமும் இல்லை. ஆனாலும் பாகலூரில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களோடு தமிழ் பேசுவார். எந்தப் பாஷையிலும் அவருக்குப் பிடித்த வார்த்தை சர்க்கார். கால் காசு என்றாலும் கவர்மெண்டு காசு என்று நம்புகிறவர். வேலை போனால் பெண்ணும் போவாள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஓவர்சியர் எங்களை ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்தினார். நல்ல சேதியைத் தமிழிலும் கெட்ட சேதியை இங்கிலீஷிலும் சொல்கிற மனுஷன். யார் முகத்தையும் பார்க்காமல் கையை மட்டும் வேப்பமரத்திலிருந்து கேட் வரைக்கும் ஓட்டினார்.

"இங்கிருந்து அங்கே வரைக்கும் ரிட்ரென்ச்மென்ட். நாளையிலிருந்து."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் மேஸ்திரியைப் பார்த்தோம். எங்கள் கேங்கில் இங்கிலீஷ் அவர் இலாகா.

"இதுல என்னாடா புரியல? ரீமெட்டல்னா என்னா? பழைய ரோட்டுல மறுபடியும் ஜல்லி போடறது. அப்ப ரீட்ரெஞ்சுன்னா மறுபடியும் ட்ரெஞ்சு. மரத்துலயிருந்து கேட்டு வரைக்கும் பள்ளம் வெட்டச் சொல்றாரு."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தோம். கல்யாண உற்சாகத்தில் எல்லோரையும்விட நான்தான் வேகமாக வெட்டினேன். ஓவர்சியர் வருவதற்குள் இடுப்பளவு பள்ளம், ஆபீஸுக்குள் வண்டி நுழைகிற பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அவர் பள்ளத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"யோவ், உங்களையெல்லாம் வேலைய விட்டு நிறுத்தியாச்சுன்னு சொன்னேன்யா."

நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். மேஸ்திரி நிதானமாக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மத்தியானம் இஞ்சினீயர் ஜீப் வருது. மூடிட்டுப் போங்க" என்றார் ஓவர்சியர்.

"நாங்கதான் வேலையில இல்லீங்களே சாமி. போர்டு மண்ணைத் தொட்டாத் தப்புங்க" என்றார் மேஸ்திரி.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். வேலை போனவனுக்கு வேடிக்கை பார்க்கவாவது உரிமை உண்டு. ஜீப் வந்து பள்ளத்துக்கு முன்னால் நின்றது. இஞ்சினீயர் இறங்கி, இது என்ன என்று கேட்டார். ஓவர்சியர் வானத்தைப் பார்த்தார். "மழைத்தண்ணி போறதுக்கு சார்" என்றார். அந்த வாசலில் தண்ணீர் தேங்கி ஈ காக்கை பார்த்ததில்லை.

"நல்ல யோசனை. ரெண்டு பக்கமும் கல்லு கட்டி, மேலே ஒரு பாலமும் போட்டுடுங்க. இதே ஆளுங்களே முடிக்கட்டும்" என்றார் இஞ்சினீயர்.

வேலை மாசி வரைக்கும் இழுத்தது. நாங்களும் இழுத்தோம். தையில் என் கல்யாணம் நடந்தது. மாசியில் பாலம் முடிந்தது, எங்கள் உத்தியோகமும் முடிந்தது.

"வேலை எப்படி மாப்ளே?" என்று மாமனார் வந்து கேட்டார்.

"ரிட்ரென்ச்மென்ட் ஆயிருக்கு மாமா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எனக்கு ஒரே ஒரு உண்மை போதுமாயிருந்தது, இங்கிலீஷில் சொன்னதால். மாப்பிள்ளைக்கு ரிட்ரென்ச்மென்ட் ஆகியிருக்கிறது என்று அவர் பாகலூர் சந்தையில் மூன்று பாஷையிலும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டபோது வெட்கமாக இருந்தது.

பெண்டாட்டியிடமாவது சொல்லிவிடலாமென்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து நிமிரவே இல்லை.

"ஓவர்சியர் வூட்டுக்குத் தயிர் ஊத்தறது எங்க சின்னம்மாதான். ரிட்ரென்ச்மென்ட்னா என்னான்னு பள்ளம் வெட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். எங்கப்பா காதுல போட்டுடாதீங்கன்னு அவங்க கால்ல விழுந்தேன். அவருக்கு அர்த்தம் தெரியறதுக்குள்ள வேற வேலையைப் பாருங்க."